கொலோவான் தீவில் அம்மம்மாவின் சொற்கள்



மக்காவ் என்று சொன்னால் உங்களில் பலருக்கு சூதாட்ட மாளிகைகள்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. 2006ஆம் ஆண்டிலேயே அங்கே சூதாட்டத்தில் வரும் பணம் லாஸ் வேகாஸை முந்திவிட்டது. ஆனால் அந்த மாளிகைகளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். வெனிஸ் நகரத்தைப் போலச் செய்து வைத்திருக்கிறார்கள், கூரையில் வானத்தை வரைந்திருக்கிறார்கள், குளிரூட்டி பல்லைக் கிட்ட வைக்கிறது. பெரிய விமான நிலையத்தில் விமானம் தாமதமாகிக் காத்திருப்பதைப் போல இருந்தது. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

நான் எழுதப்போவது அதற்குத் தெற்கே, பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரத்தில் இருக்கும் கொலோவானைப் பற்றி.

வேலை விஷயமாக இரண்டு கிழமை ஹொங்கொங்கில் இருந்தேன். (உங்களுக்குத் தெரியும், கணினி ஆலோசகர் என்றால் மற்றவர்களின் பழைய கணினி அமைப்பைப் புதியதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, இரவு பன்னிரண்டு மணிக்குப் பயந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பவர்.) நடுவில் ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. "மக்காவுக்குப் போ, ஆனால் கொலோவானுக்குப் போகாமல் திரும்பி வராதே" என்று கூட வேலை செய்த ஹொங்கொங் பெடியன் சொன்னான்.

போவது சுலபம். 2018இல் திறந்த பாலத்தின் மேல் பஸ் ஓடுகிறது. பாலமும் சுரங்கமும் சேர்த்து 55 கிலோமீற்றர். நடுக்கடலில் பாதை திடீரென்று தண்ணீருக்குக் கீழே இறங்கி, ஏறக்குறைய 7 கிலோமீற்றர் கடலுக்கு அடியில் ஓடி, மறுபடி மேலே வருகிறது. மேலே பெரிய கப்பல்கள் போக வழி விட வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு அது ஒன்றே ரிக்கெட் காசுக்குப் போதுமாக இருந்தது. உங்களை அதில் பிடித்து வைக்கவில்லை.

கொலோவானைத் தீவு என்று எழுதுகிறேன், ஆனால் அது இப்போது முழுத் தீவு இல்லை. முன்பு மக்காவ் என்பது ஒரு சிறிய தீபகற்பமும் இரண்டு தீவுகளும். தாய்பா ஒன்று, கொலோவான் மற்றது. 1960களின் கடைசியில் இரண்டு தீவுக்கும் நடுவில் கடல்மேல் ஒரு பாதை போட்டார்கள். பிறகு அந்தக் கடலையே மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். நிரப்பிய நிலத்துக்குப் பெயர் கோதாய். கொலோவானின் 'கோ', தாய்பாவின் 'தாய்'. சூதாட்ட மாளிகைகளில் பெரியவை அந்த நிலத்தில்தான் நிற்கின்றன. பஸ் அதைத் தாண்டியதும் கட்டடங்கள் நின்றுவிடுகின்றன. மலை, மரம், வளைந்த வீதி. காதில் இருந்த சத்தத்தை யாரோ குறைத்துவிட்டதுபோல இருக்கும்.

கிராமத்தில் இறங்கினால் இளமஞ்சள், இளம்பச்சை, இளஞ்சிவப்பு நிறங்களில் வீடுகள். வாசலில் சிவப்பு நிறத்தில் சின்னச் சீனச் சாமிமாடம், ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும். மேலே யன்னல் போர்த்துக்கல் ஊர் யன்னல். தெருப்பெயர்கள் வெள்ளையும் நீலமுமான ஓடுகளில், மேலே சீன எழுத்து, கீழே போர்த்துக்கீசியம். தெருவின் முடிவில் ஒடுக்கமான தண்ணீர். அதற்கு அந்தப் பக்கம் சீனப் பெருநாட்டின் ஹெங்சின் தீவும் அதன் உயர்ந்த கட்டடங்களும். அவ்வளவு கிட்ட இருக்கிறது, நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் நீந்திவிடலாம் போல. (முயற்சி செய்யாதீர்கள், அது எல்லை.)

கரையோரச் சதுக்கத்தில் சிறிய மஞ்சள் தேவாலயம் ஒன்று. 1928இல் கட்டியது. பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன்: புனித பிரான்சிஸ் சவேரியார். நம் ஊரில் சவேரியார் கோவில் இல்லாத கரையோரக் கிராமம் குறைவு. 1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிக்கும் கரைக்கு வந்து, உதவிக்கு ஆள் வைத்துச் செபங்களைத் தமிழில் மாற்றி, அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர் இவர். மன்னாரில் மதம் மாறியவர்களை 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொன்றது இவருடைய காலத்தில்தான். கடைசியில் சீனாவுக்குள் போக ஆசைப்பட்டு, அனுமதி கிடைக்காமல், இங்கிருந்து அதிக தூரமில்லாத சாங்சுவான் என்ற தீவில் 1552இல் காய்ச்சலில் இறந்துபோனார். போர்த்துக்கீசர் மக்காவில் குடியேறியது அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1557 அளவில். அவருடைய கை எலும்புத் துண்டு ஒன்று ஒரு காலத்தில் இந்தச் சின்னக் கோவிலில் இருந்தது, இப்போது நகரத்தில் வேறு தேவாலயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே ஒரு மாதா ஓவியம் இருக்கிறது. மாதாவுக்குச் சீனப் பெண்ணின் முகம், கையில் சீனக் குழந்தை.

கோவிலுக்கு முன்னால் ஒரு நினைவுக்கல். இது உங்களுக்குப் பிடிக்கும்: கடற்கொள்ளைக்காரர்! 1910ஆம் ஆண்டு வரைக்கும் கொலோவான் அவர்களின் ஒளிவிடம். சீனக் கரையில் பிள்ளைகளைக் கடத்திக் கொண்டுவந்து இங்கே வைத்துக்கொண்டு காசு கேட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை மாதம் போர்த்துக்கீசப் படை வந்து சண்டை போட்டது. கல்லைச் சுற்றிப் பீரங்கிக் குண்டுகள் வைத்திருக்கிறார்கள்.

கரையோரமாகவே நடந்தால் தாம் குங் கோவில் வரும். கடலோடிகளின் கடவுள், காற்றும் மழையும் அவர் சொன்னபடி கேட்கும் என்பது நம்பிக்கை. அவரைச் சிறுவனாகவும் கும்பிடுகிறார்கள், எங்கள் பாலமுருகன் போல. உள்ளே திமிங்கில எலும்பில் செதுக்கிய ஒரு படகு இருக்கிறது. டிராகன் தலை வைத்து, உள்ளே மரத்தில் சின்னச் சின்னத் துடுப்புக்காரர்கள். மலை உச்சியில் 19.99 மீற்றர் உயரத்தில் ஆ-மா தெய்வத்தின் வெள்ளைக்கல் சிலை நிற்கிறது. போர்த்துக்கல் மக்காவைச் சீனாவிடம் திருப்பிக் கொடுத்த 1999ஆம் ஆண்டை நினைவுபடுத்தத்தான் அந்த உயரம். எல்லோரும் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள். எனக்கு அந்த எலும்புப் படகுதான் மனதில் நின்றது.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கிராமத்துத் தெருக்களில் நடந்துகொண்டே பெயர்ப்பலகைகளை வாசித்தேன். எனக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தவன், பள்ளிக்கூடத்தில் படித்தது ஆங்கிலமும் லத்தீனும். ஆனால் ஒரு கடையின் பலகையில் 'பாடரியா' என்று இருந்தது. உள்ளே பாண் விற்கிறார்கள். பாண்! போர்த்துக்கீசியத்தில் 'பாவ்ங்' என்றால் பாண், அது விற்கும் இடம் பாடரியா. தொலைபேசியில் அகராதியைத் திறந்தேன். அதற்குப் பிறகு நான் ஊர் பார்க்கவில்லை, சொல் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கதிரை, அவர்களுக்குக் கடெய்ரா. யன்னல், ஜனெலா. சப்பாத்து, சப்பாத்து. குசினி, கொஸின்யா. அலுமாரி, அர்மாரியு. துவாய், துவால்யா. மேசை, மேசா. நாங்கள் உட்காரும் வாங்கு அவர்களின் பாங்கு. குழி தோண்டும் அலவாங்குகூட அலவாங்கா! அம்மம்மாவின் வீட்டில் பாதிச் சாமான் போர்த்துக்கல்லில் இருந்து வந்திருக்கிறது.

இதில் புதுமை ஒன்றுமில்லை, புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். போர்த்துக்கீசர் யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது வருடம்கூட ஆட்சி செய்யவில்லை. ஆனால் நான் சின்ன வயதில் ஜேர்மனியில் இந்தச் சொற்களை "சுத்தத் தமிழ்" என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் 'ஸ்டூல்' என்று சொல்லிவிட்டு வீட்டில் 'கதிரை' என்று மாற்றிச் சொல்லும்போது ஏதோ பெரிய பண்பாட்டைக் காப்பாற்றிவிட்டது போல ஒரு பெருமை இருக்கும்! தமிழ்நாட்டில் சாவி என்பதை நாங்கள் திறப்பு என்கிறோம். சாவிதான் போர்த்துக்கீசியம், திறப்பு தமிழ். ஆக யார் எங்கே கலந்தார்கள் என்று சண்டை பிடித்தால் முடிவே வராது.

சொற்கள் ஒரு பக்கமாக மட்டும் போகவுமில்லை. மக்காவில் அரிசிக் கஞ்சியும் நூடில்ஸும் விற்கும் கடைகளின் போர்த்துக்கீசப் பெயரில் 'கான்ஜா' என்ற சொல்லைப் பார்க்கலாம். அது எங்கள் கஞ்சி. தென்னிந்தியக் கரையில் ஏறி, போர்த்துக்கீசரின் வாயில் கடல் கடந்து, சீனாவில் ஒரு கடைப் பலகையில் போய் உட்கார்ந்திருக்கிறது. 'காரில்' என்று உணவுப் பட்டியலில் போட்டிருப்பது கறி.

சதுக்கத்தில் மரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோப்பிக் கடை. கொலோவானின் முட்டை டார்ட் உலகப் புகழ். 1989இல் ஒரு ஆங்கிலேயர் இங்கே கடை போட்டுப் போர்த்துக்கல் முறையைக் கொஞ்சம் மாற்றிச் செய்து பிரபலமாக்கியது. நானும் வரிசையில் நின்று வாங்கினேன். மேலே கருகிய சீனி, உள்ளே நடுங்கும் முட்டைக் களி, சூட்டோடு சாப்பிட வேண்டும். நல்ல ருசிதான். அரை மணித்தியால வரிசைக்கு அது பெறுமதியா என்பதை நீங்களே போய்த் தீர்மானியுங்கள்.

பக்கத்து மேசையில் ஒரு அன்ரி. அறுபது வயது இருக்கும். நான் பலகைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரிந்ததைக் கவனித்திருக்கிறா. "என்ன தேடுகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டா. சொன்னேன். சிரித்தா. அவ மக்கனீஸ். போர்த்துக்கீசரும் கோவா, மலாக்கா, யப்பான், சீனா என்று பல இடத்துப் பெண்களும் கலந்து நானூறு வருடத்தில் உருவான மக்கள் அவர்கள். தங்களை 'மண்ணின் பிள்ளைகள்' என்று சொல்லிக்கொள்வார்கள். சீனர்கள் அவர்களைக் குறிக்கும் சொல்லுக்கு 'இந்த மண்ணில் பிறந்த போர்த்துக்கீசர்' என்று பொருள். இரண்டு பெயரிலும் ஒரு "ஆனால்" ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? ஜேர்மனியில் பிறந்த தமிழன் என்று என்னைச் சொல்லும்போதும் அதே "ஆனால்" எனக்குக் கேட்கும்.

1999க்கு முன்பே அவவின் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டதாம். இன்று மக்காவில் இருப்பதைவிட வெளிநாடுகளில்தான் மக்கனீஸ் அதிகம். போர்த்துக்கல், பிரேசில், கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா என்று ஊர் ஊராகச் சங்கம் வைத்திருக்கிறார்கள். அவ விடுமுறைக்கு வந்திருந்தா.

"உங்களுக்குப் பத்துவா தெரியுமா?" என்று கேட்டேன். பத்துவா என்பது மக்கனீஸ் மக்களின் சொந்த மொழி. போர்த்துக்கீசியம் அடிப்படை. மலாய், கன்ரனீஸ், கொங்கணி, சிங்களம் என்று கடல்வழியில் தொட்ட எல்லாம் அதில் கலந்திருக்கிறது.

அவ சொன்ன பதில்: "விளங்கும். ஆனால் கதைக்க வராது."

எனக்குக் கோப்பி தொண்டையில் நின்றுவிட்டது. இந்த வசனத்தை எத்தனை தமிழ் வீடுகளில் கேட்டிருப்பேன்! உங்களில் எத்தனை பேர் இதை எழுதி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள்!

ஏன் வராது என்று கேட்டேன். பாட்டி கதைத்தாவாம். அம்மாவுக்கும் நன்றாகத் தெரியுமாம். ஆனால் பிள்ளைகளோடு அம்மா அதில் கதைக்கவே இல்லையாம். பத்துவா என்றால் உடைந்த போர்த்துக்கீசியம், சமையற்கட்டு மொழி, அதைக் கதைத்தால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள், நல்ல அரசாங்க உத்தியோகம் கிடைக்காது. நல்ல போர்த்துக்கீசியம் படி என்பதுதான் வீட்டுச் சட்டம். பெரியவர்கள் தங்களுக்குள் பகிடி விடும்போதும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் வம்பு கதைக்கும்போதும் மட்டும் பத்துவா வெளியே வருமாம். "அதனால்தான் வம்பு மட்டும் எனக்கு நன்றாக விளங்கும்" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தா.

யுனெஸ்கோ 2009இல் இந்த மொழியை மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் இருப்பதாகக் குறித்தது. கதைப்பவர்கள் ஏறக்குறைய 50 பேர் என்று அப்போது கணக்கு. எங்கள் கலியாணவீட்டில் ஒரு பந்தியில் அதைவிடக் கூட ஆட்கள் இருப்பார்கள்.

அந்த 'உடைந்த மொழி' எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். போர்த்துக்கீசிய வினைச்சொல்லுக்கு நான், நீ, அவன், நேற்று, நாளை என்று பக்கம் பக்கமாக வடிவங்கள் உண்டு, படிப்பவர்கள் அழுவார்கள். பத்துவாவில் வினைச்சொல் மாறாது. முன்னால் ஒரு சின்னச் சொல் வரும். முடிந்ததற்கு 'ஜா', நடந்துகொண்டிருப்பதற்கு 'தா', இனி நடப்பதற்கு 'லோகு'. அவ்வளவுதான். பன்மை வேண்டுமா? சொல்லை இரண்டு தடவை சொல்: 'காசா' வீடு, 'காசா-காசா' வீடுகள். ஒரு நிரலாளர் எழுதியிருந்தால் எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். பாட்டிகள் குசினியில் செய்ததால் அதற்குப் பெயர் உடைசல்.

இதற்கு ஒரு சொந்தக்கார மொழி எங்கள் ஊரிலேயே இருக்கிறது, தெரியுமா? மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்கள் சில இன்னும் ஒரு போர்த்துக்கீசக் கலப்புமொழி கதைக்கின்றன. நூற்றாண்டுகளாகத் தமிழ் அயலில் வாழ்ந்ததால் அதன் இலக்கணமே தமிழின் சாயலுக்கு வந்துவிட்டது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் தமிழுக்குள் அவர்களின் சொற்கள், அவர்களின் மொழிக்குள் எங்கள் வசன அமைப்பு. அந்த அன்ரிக்கு இது தெரிந்திருக்கவில்லை. மட்டக்களப்பு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டினேன், படம் பிடித்து வைத்துக்கொண்டா.

மக்காவில் சிலர் சும்மா இருக்கவில்லை. ஜோசே டொஸ் சாந்தோஸ் பெரெய்ரா என்ற கவிஞர், 'அதே' என்று கூப்பிடுவார்கள், பத்துவாவில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். 1993இல் இறந்தார். அதே ஆண்டில் 'டோசி பாப்பியாசாம் டி மக்காவ்' என்ற நாடகக் குழு தொடங்கியது. 'மக்காவின் இனிய பேச்சு' என்று அர்த்தம். மிகேல் டி சென்னா பெர்னாண்டஸ் என்ற வழக்கறிஞர் எழுதி இயக்குகிறார். போடுவதெல்லாம் சிரிப்பு நாடகம். அரசாங்கத்தை, சூதாட்டத்தை, வீட்டு வாடகையை, தங்களையே கிண்டல் செய்வார்கள். நடிப்பவர்களில் பலருக்கு அது வீட்டில் வந்த மொழி இல்லை, நாடகத்துக்காகப் படித்த மொழி. சீன நடிகர்களும் உண்டு. மேலே திரையில் மொழிபெயர்ப்பு ஓடும். 2021இல் சீன அரசு இந்த நாடகத்தைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதை வாசித்துவிட்டு "அப்படியென்றால் இலக்கணம் படிக்கத் தேவையில்லை" என்று தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் போய்ச் சொல்லி என்னை மாட்டிவிடாதீர்கள். அந்த நாடகக்காரர் உட்கார்ந்து படித்தவர்கள். நான் சொல்வது வேறு. பத்துவா கலந்ததால் சாகவில்லை. அது பிறந்ததே கலந்துதான், நானூறு வருடம் நன்றாக இருந்தது. அதைக் கதைத்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள், அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள், அடுத்த தலைமுறைக்கு வம்பு மட்டும் விளங்கியது. எங்கள் கொண்டாட்டங்களிலும் இது நடக்கிறது. "நான் நாளைக்கு உங்களை அப்ஹோலன் பண்ணுறன்" என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை ஆசையாகச் சொல்ல, ஒரு மாமா அதைத் திரும்பச் சொல்லிக் காட்டி மண்டபமே சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க ஜேர்மன்தான் கதைத்தது. அந்த மாமா உட்கார்ந்திருந்தது கதிரையில், போட்டிருந்தது சப்பாத்து.

மத்தியானம் மின்ச்சி சாப்பிட்டேன். மக்கனீஸ் வீட்டுச் சாப்பாடு: அரைத்த இறைச்சி, சோயா, சின்னதாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு, சோறு, மேலே ஒரு பொரித்த முட்டை. எங்கள் வீட்டில் மிஞ்சிய இறைச்சிக் கறியை அம்மா அடுத்த நாள் பிரட்டித் தருவது போலவே இருந்தது. குளிர்காலத்தில் 'தாச்சு' என்று ஒரு பெரிய சாப்பாடு செய்வார்களாம். பன்றி இறைச்சி, சீனச் சொசேஜ், கோவா எல்லாம் ஒரே சட்டியில். சட்டியின் பெயர்தான் சாப்பாட்டின் பெயர். எங்கள் தாச்சியும் அதுதான். இன்றைய லிஸ்பனில் அதைத் 'தாஷு' என்று மென்மையாகச் சொல்வார்கள். 'ச்ச' என்று அழுத்திச் சொன்னது அந்தக் காலத்துக் கப்பல்காரரின் உச்சரிப்பு. போர்த்துக்கல் தலைநகரம் கைவிட்ட ஒலி அம்மம்மாவின் குசினியில் இருக்கிறது.

பின்னேரம் ஹாக் சா கடற்கரைக்குப் போனேன். 'கறுப்பு மணல்' என்று அர்த்தம்.  பிள்ளைகள் அதில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கரையில் இருந்தே அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஜேர்மனியில் அப்போது காலை, அவவுக்குக் கோப்பி குடிக்கும் நேரம். கதிரை, யன்னல், குசினி, தாச்சி எல்லாம் போர்த்துக்கீசச் சொல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"விசர்க்கதை கதையாதை. அது தமிழ்தானே" என்றா.

"இல்லை அம்மம்மா, இங்க சீனாவில கூட தாச்சு எண்டு சொல்லினம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

"அப்ப அவங்கள் தாச்சியில என்ன பொரிக்கிறவங்கள்?"